றொட்டிவைலருக்கு வந்த சோதனை

"இண்டைக்கும் ஒரு காகம்கூட வரேல்லை" என்று சொல்லியபடி மனோன்மணி கொத்துறொட்டித் தகட்டின் மேல் ஈரத்துணியைப் போட்டாள்.

"காகம் வந்தது. பின்பக்கத்தால" என்றார் சிவசுப்பிரமணியம்.

"வந்து?"

"ஒரு துண்டு றொட்டியைத் தூக்கிக்கொண்டு போட்டுது."

"காசு குடுத்ததோ?"

"காகம் எங்கயாவது காசு குடுக்குமே?"

"அதைத்தான் நானும் சொல்லுறன்."

இப்படி ஒரு மனைவி இருந்தால் எதிரிக்கடை எதற்கு? ஆனால் அவளைக் குறை சொல்லவும் முடியாது. மன்னார்த் தீவில், பேசாலையில் தலைமன்னார் வீதியோரமாக இருந்த சிவம் அண்ணையின் சாப்பாட்டுக்கடை நாலு நாளாகக் காற்று வாங்கிக்கொண்டிருந்தது. பஸ்ஸுக்கு நிற்கிற வெளியூர் ஆட்கள் ஒன்றிரண்டு பேர் தேத்தண்ணி குடித்தார்கள், அவ்வளவுதான். ஊர்ச்சனம் ஒருவர் இல்லை.

போன செவ்வாய்க்கிழமை வரைக்கும் நிலைமையே வேறு. கதிரை கிடைக்காமல் சனம் பக்கத்து மதிலில் ஏறி இருந்து சாப்பிட்டது. அந்தச் செவ்வாய் பின்னேரமோ, கேட்க வேண்டாம். நாளைக்கு உலகம் அழியப்போகிறது என்று யாரோ சொன்னதுபோலத் தின்றார்கள். புதன் விடிந்தது. சொல்லிவைத்த மாதிரி ஊர் முழுவதும் மறைந்துவிட்டது.

சிவம் அண்ணைக்குப் பேசாலை சொந்த ஊர் இல்லை. அவர் கடலுக்கு அந்தப் பக்கம், பெருநிலத்தில் நறுவிலிக்குளத்து வயல்காரக் குடும்பத்துச் சைவப்பழம். வயலுக்குள் கால் வைத்தால் தும்முவார், குசினிக்குள் கால் வைத்தால் பாடுவார். அப்படிப்பட்டவர் கொழும்பில் ஒரு பெரிய வீட்டுக்குச் சமையல்காரராகப் போனார். அந்த வீட்டில் மனிதர் இரண்டு பேர், நாய்கள் பதினொன்று. ஒவ்வொன்றும் ஒவ்வொரு சாதி. இரு தரப்புக்கும் ஒரே குசினியில் சமைத்துச் சமைத்து, நாய்ச்சாதிகளின் பெயர் எல்லாம் அவருக்குத் தேவாரம் மாதிரி மனப்பாடமாகிவிட்டது.

அந்த வீட்டார் வெளிநாடு போக, இவர் ஊருக்குத் திரும்பி, மனைவியின் தம்பி அனோஜனின் முருங்கன் அரிசி மில்லில் சாக்குத் தைத்தார். அனோஜன் பொல்லாதவன் என்று சொல்லமுடியாது. ஆனால் அவன் "அத்தான்" என்று கூப்பிடும்போது அதற்குள் ஒரு "டேய்" ஒளிந்திருக்கும். பேசாலையில் கடை போடப்போகிறேன் என்று இவர் சொன்ன அன்று அவன் விழுந்து விழுந்து சிரித்தான்.

"போங்கோ அத்தான், போட்டு வாங்கோ. உங்கட சாக்கூசியை நான் ஒருத்தருக்கும் குடுக்க மாட்டன். பத்திரமா இருக்கும்."

அந்த ஊசியைத் திரும்பத் தொடக்கூடாது. சிவம் அண்ணை முருகனிடம் கேட்டுக்கொண்ட ஒரே வரம் அதுதான்.

முதலில் பலகையில் 'றொட்டி, தோசை, மீன்' என்றுதான் எழுதினார். அதே மூன்றும் அந்த வீதியில் எல்லாக் கடையிலும் இருந்தன. சனம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஒரு நாள் மாக் குழைத்துக்கொண்டிருந்தபோது, கொழும்பு வீட்டு வாசலில் நின்று உறுமிய றொட்வைலர் நாயின் ஞாபகம் வந்தது. றொட்வைலர். றொட்டி. மாவோடு கையை நீட்டியபடி அப்படியே நின்றார். அடுத்த நாள் பலகை மாறியது.

கோழி போட்டுக் கொத்திய றொட்டிக்கு 'றொட்டிவைலர்' என்று பெயர். பொன்னிறமாகச் சுட்ட தோசை 'லாபிரடோசை'. டோபர்மன் நாயைப்போல ஒல்லியாகக் கறுக்கப் பொரித்த மீன் 'டோபர்மீன்'. சுண்டுவிரல் அளவு அல்வாத் துண்டுக்கு, சிவாவா என்ற குட்டி நாயின் நினைவாக 'அல்வாவா'. பெரிய கிளாஸில் தேன் விட்ட பிளேன்ரீக்கு, கிரேட் டேன் என்ற பெரிய நாயின் பேரில் 'கிரேட்தேன்'. கடைசியில் பக்கோடா.

"பக்கோடாவை ஏன் மாத்தேல்லை?" என்று மனோன்மணி கேட்டாள்.

"அதில நான் கைவைக்கத் தேவையில்லை. அதுக்குள்ள 'பக்' எண்டு ஒரு நாய் ஏற்கெனவே படுத்திருக்குது."

பேசாலை வயிறு குலுங்கச் சிரித்தது. சிரித்தவர்கள் சும்மா போகாமல் உள்ளே வந்தார்கள். வந்தவர்கள் சாப்பாட்டில் மயங்கிப்போனார்கள், ஏனென்றால் மனுசனின் கைப்பக்குவம் அப்படி. கரைக்கு வந்த கையோடு மீன்காரன் மில்ரன், "அண்ணை, றொட்டிவைலர் ரெண்டு! நல்லாக் கடிக்கிறதாப் பாத்துப் போடுங்கோ!" என்று வீதியிலிருந்தே கத்துவான். எதிரே தையல்கடை வைத்திருந்த பிரான்சிஸ்கா, "எனக்கு லாபிரடோசை ஒண்டு. கட்டித் தாங்கோ அண்ணை, அவிட்டு விட்டால் ஓடிப்போடும்" என்பாள். இப்படியே ஒரு மாதம் ஓடியது.

இப்போது அதே பிரான்சிஸ்கா கடையைக் கடக்கும்போது கைலேஞ்சியால் மூக்கைப் பொத்திக்கொண்டு போனாள். சிவம் அண்ணை அதைத் தன் கண்ணாலேயே கண்டார்.

"மணி, என்ர சாப்பாட்டில என்ன பிழை?"

"சாப்பாட்டில பிழையில்லை. பேரிலதான் பிழை" என்றாள் மனோன்மணி. "நாய் வேசம் போட்டால் குலைக்கத்தான் வேணும். றொட்டிவைலர், டோபர்மீன் எண்டு எழுதி வைச்சால், உள்ளுக்குப் போடுறது என்ன இறைச்சி எண்டு சனம் யோசிக்காதே?"

சிவம் அண்ணை கரண்டியைக் கீழே வைத்தார். "நாயிறைச்சி எண்டோ?"

"நான் சொல்லேல்லை. சனம் சொல்லும்."

உண்மையில் அதுவரைக்கும் சனம் அப்படிச் சொல்லவில்லை. ஆனால் சிவம் அண்ணை பொறுத்திருக்கிற ஆளா? உடனே ஒரு புதுப்பலகை எழுதினார். சிவப்பு எழுத்து, பெரிய எழுத்து. 'இங்கே நாய் இறைச்சி போடப்படுவதில்லை.'

அன்று பின்னேரம் பலகைக்கு முன்னால் நல்ல கூட்டம். ஒருவரும் உள்ளே வரவில்லை, எல்லோரும் வாசித்தார்கள், சிலர் ஃபோனில் படம் பிடித்தார்கள். மில்ரன் சைக்கிளில் ஒரு காலை ஊன்றியபடி, எழுத்துக்கூட்டி வாசித்து முடித்தான்.

"அண்ணை, அப்ப முந்தி போட்டனீங்களோ?"

"என்ன கதை கதைக்கிறாய் தம்பி! முந்தியும் இல்லை!"

"இல்லை, 'போடப்படுவதில்லை' எண்டு இப்பத்தானே எழுதியிருக்கிறீங்கள், அதுதான் கேட்டனான்" என்று சிரித்தான். சிவம் அண்ணை கரண்டியோடு வெளியே வருவதற்குள், "இஞ்ச நிக்கப்படாது, நான் போறன்" என்று சைக்கிளை மிதித்துவிட்டான். அவர் முகம் செத்துப்போனது. இரவோடு இரவாகப் பலகையில் 'ஒருபோதும்' என்ற சொல்லைச் சேர்த்தார். அது இன்னும் மோசமாக இருந்தது. ஒருபோதும் களவெடுக்காதவன் அதைப் பலகையில் எழுதி வைப்பானா?

அடுத்ததாக அவருக்கு வந்த யோசனையை, யோசனை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

"மணி, ஊர் நாயள் எல்லாம் உயிரோட சுகமா இருக்கிறதைச் சனம் கண்ணால கண்டால், பிறகு என்ன சந்தேகம்?"

"இஞ்சருங்கோ, உங்களுக்கென்ன விசரே?"

"நீர் சும்மா இரும்."

காலையில் மிஞ்சிய றொட்டியை எடுத்துப்போய்த் தெருநாய்களைக் கூப்பிட்டார். மூன்று வந்தன. அவை போய்ச் சொந்தபந்தத்துக்குச் சொல்லியிருக்க வேண்டும், மத்தியானத்துக்குள் கடைவாசல் நிறைந்துவிட்டது. நாய்கள் தின்றுவிட்டு அங்கேயே நீட்டி நிமிர்ந்து படுத்தன. ஊரில் அலைகிற கழுதை ஒன்றும் வந்து வரிசையில் நின்றது. மன்னார்க் கழுதைக்கு இடம் கொடுத்தால் போதும், குடியிருக்கும்.

பத்திரமாகத் தூரத்தில் நின்று மில்ரன் கேட்டான். "அண்ணை, அடுத்த பலகை கழுதைக்கோ?"

நாய்கள் கொழுத்தன. கடை மெலிந்தது. கிழமைகள் போயின. பஸ்காரரின் தேத்தண்ணியால்தான் அடுப்பு எரிந்தது. தினமும் அனோஜன் முருங்கனிலிருந்து ஃபோன் எடுத்தான். "என்ன அத்தான், ஏவாரம் எப்பிடி?" "குறையில்லை அனோஜன்" என்று இவர் சொல்லும்போது, பின்னால் நாய்கள் குலைக்கிற சத்தம் மட்டும் அவனுக்குக் கேட்கும்.

ஒரு வியாழக்கிழமை காலையில் எழும்பிப் பார்த்தால் வாசலில் ஒரு நாய்கூட இல்லை.

நடந்தது இதுதான். தெருநாய்களுக்கு விசர்த் தடுப்பூசி போட்டுக் கருத்தடை செய்கிற வாகனம் விடியற்காலையில் வந்தது. ஊர் ஊராகத் தேடிப் பிடிக்கிற நாய்கள் எல்லாம் ஒரே வாசலில் கொழுகொழுவென்று படுத்திருக்கக் கண்டு, சந்தோசமாக அள்ளிக்கொண்டு போய்விட்டார்கள். சிவம் அண்ணைக்கு அது தெரியாது. ஊருக்கும் தெரியாது. ஊருக்குத் தெரிந்தது ஒன்றுதான். நேற்று நாய்கள் இருந்தன, இன்று இல்லை. அன்றைக்கென்று பார்த்து மனோன்மணி மசாலா அரைத்து இறைச்சி தாளித்துக்கொண்டிருந்தாள்.

போகிறவர் வருகிறவர் எல்லாம் வெறும் வாசலைப் பார்த்தார்கள், புகையைப் பார்த்தார்கள், பிறகு ஒருவரை ஒருவர் பார்த்தார்கள்.

"கதிர்காமக் கந்தா!" என்று சிவம் அண்ணை தலையில் கைவைத்துக் குந்திவிட்டார்.

இரண்டு நாள் கழித்து நாய்கள் வந்து சேர்ந்தன. சிகிச்சை முடிந்த அடையாளமாக ஒவ்வொன்றின் காதிலும் சின்னதாக ஒரு வெட்டு. மில்ரன் ஒவ்வொரு காதாகப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்திக் கேட்டான்.

"அண்ணை, கொஞ்சம் கொஞ்சமாத்தான் எடுக்கிறீங்களோ?"

அந்தப் பகிடி ஊர் முழுக்கப் போய், மன்னார் ரவுண் வரைக்கும் போனது. அடுத்த கிழமை பி.எச்.ஐ. வந்து இறங்கினார். சுகாதாரப் பரிசோதகர் என்றால் சாப்பாட்டுக்கடைக்காரனுக்கு எமன் மாதிரி. ஆனால் இவர் நல்ல மனுசர். குளிர்ப்பெட்டியைத் திறந்து பார்த்தார், கோழிகளை எண்ணினார், தகட்டைத் தடவினார். கடைசியாகக் கொத்துச் சட்டியின் மூடியைத் தூக்கி, கண்ணை மூடி, வாசத்தை ஒரு இழுப்பு இழுத்தார். தொண்டைக்குள் எச்சில் இறங்கியது வெளியே தெரிந்தது.

சிவம் அண்ணைக்கு உயிர் வந்தது. "ஐயா, ஒரு வாய் போட்டுப் பாருங்கோ."

பி.எச்.ஐ. சுட்ட மாதிரிக் கையை இழுத்துக்கொண்டார். "ஐயையோ, வேண்டாம்! இப்ப ஏலாது!"

"ஒரு கரண்டி மட்டும் ஐயா."

"வேண்டாம் எண்டு சொல்லுறன் எல்லே! மூடுங்கோ, முதல்ல அதை மூடுங்கோ!"

கடை சுத்தம், இறைச்சி கோழி இறைச்சிதான் என்று எழுதிக் கையொப்பம் வைத்துக் கொடுத்துவிட்டு ஓட்டமும் நடையுமாகப் போனார். கோழி என்று கையொப்பம் வைத்தவரே அதை வாயில் வைக்க மாட்டேன் என்றால், மற்றவர்கள் எப்படி வைப்பார்கள்? சிவம் அண்ணை அன்று தன் வீட்டுச் சோற்றையே தொடவில்லை.

அப்படியும் மனந்தளராமல் அந்தக் கடிதத்தைக் கடைக்கதவில் ஒட்டினார். அதுவும் வினையாகிப்போனது. அரசாங்கக் கந்தோர் முத்திரையோடு ஒரு கடிதம் கடைக்கதவில் ஒட்டியிருந்தால், கிட்ட வந்து வாசிக்கிறவன் யார்? 'சீல் வைச்சுட்டாங்கள்' என்று தூரத்திலேயே முடிவுகட்டி, பஸ்ஸுக்கு நின்ற வெளியூர்க்காரரும் அடுத்த கடைக்குத் தேத்தண்ணி குடிக்கப் போனார்கள்.

அன்றிரவு மனோன்மணி பகிடி எதுவும் விடவில்லை. பக்கத்தில் வந்து இருந்தாள்.

"போவம், என்ன" என்றாள்.

"ஓம், போவம்" என்றார் சிவம் அண்ணை. "மணி, நான் நல்லாத்தானே சமைச்சனான்?"

"உங்களைப்போல ஆர் சமைக்கிறது!" என்று அவள் அழுதாள்.

அனோஜனுக்கு ஃபோன் எடுத்தார்கள். அவன் ஞாயிற்றுக்கிழமை லொறி கொண்டுவருகிறேன் என்றான். சிவம் அண்ணைக்கு அந்த நாள் வசதியாகப்பட்டது. அன்றைக்கு வேதக்காரருக்கு உயிர்ப்புப் பெருநாள், ஊர் முழுக்க மாதா கோயிலுக்குள் நிற்கும், ஒருவர் கண்ணிலும் படாமல் போய்விடலாம்.

ஞாயிறு காலை லொறி வந்தது. அனோஜன் இறங்கி, இடுப்பில் கைவைத்துக் கடையை மேலும் கீழும் பார்த்தான். "பரவாயில்லை அத்தான், மில்லில இப்ப ஃபானும் பூட்டியிருக்கு" என்றான். கதிரைகள் ஏறின. மேசைகள் ஏறின. கொத்துத் தகட்டைத் தூக்கும்போது கோயில் மணி கணகணவென்று அடித்தது. கொஞ்ச நேரத்தில் வீதியில் ஒரு இரைச்சல்.

அனோஜன்தான் முதலில் எட்டிப் பார்த்தான். "அத்தான், சனம் வருகுது."

"கோயில் முடிஞ்சிருக்கும். வீட்டுக்குப் போகுதுகள்."

"இல்லை அத்தான். இஞ்சதான் வருகுது. ஓடி வருகுது."

சிவம் அண்ணை பார்த்தார். பெருநாள் உடுப்போடு வீதியை அடைத்துக்கொண்டு சனம். பெண்கள் சேலையைத் தூக்கிப் பிடித்தபடி ஓடி வந்தார்கள். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு முன்னால் மில்ரன். லொறியைக் கண்டதும் அவன் கையை நீட்டிக் கத்தினான்.

"டேய், ஓடப்பாக்கிறார்! லொறியை மறியுங்கோ!"

"மணி, பின்கதவால ஓடும்!" என்று சிவம் அண்ணை அலறினார். அவள் எங்கே ஓடுவது? ஒரு நொடியில் லொறியைச் சுற்றி மனிதச் சுவர். ஒருவன் ஏறி எஞ்சினை நிறுத்தித் திறப்பையே உருவிவிட்டான். அனோஜன் அரிசிச் சாக்குக்குப் பின்னால் ஒளிந்தான். சிவம் அண்ணை இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கினார்.

"தம்பிமார், முருகன் ஆணைச் சத்தியம்! எல்லாம் கோழி! நான் ஒரு நாயையும் தொட்டதில்லை!"

"கோழியோ நாயோ, அண்ணை," என்று மூச்சு வாங்கியபடி மில்ரன் சொன்னான், "முதல்ல பத்து றொட்டிவைலரை அவிட்டு விடுங்கோ!"

"என்ன?"

"எனக்கு டோபர்மீன்!"

"லாபிரடோசை ஆறு, கட்டாதேங்கோ, இதிலயே திங்கிறம்!"

"தள்ளு, நான்தான் முதல் வந்தது!"

அதற்குப் பிறகு நடந்ததை ஒழுங்காகச் சொல்ல யாராலும் முடியாது. வலை இழுத்துப் பழகிய கைகள் லொறியிலிருந்த சாமான் முழுவதையும் கண்மூடித் திறப்பதற்குள் இறக்கிவிட்டன. யாரோ அடுப்பு மூட்டினார்கள், யாரோ தண்ணி பிடித்தார்கள். கொத்துத் தகட்டில் இரும்பு விழுந்து 'டக டக டக' என்று சத்தம் எழும்பியபோது சனம் கைதட்டியது. மதிலில் இடம் இல்லை. லொறியின் மேலேயும் ஏறி இருந்து சாப்பிட்டார்கள். பி.எச்.ஐ.யும் ரவுணிலிருந்து பெண்சாதி பிள்ளைகளோடு வந்து இறங்கி, "எனக்கு அண்டைக்குக் காட்டின அந்தச் சட்டி" என்று வரிசையில் நின்றார். பாதர்கூட அல்வாவாவுக்கு ஆள் அனுப்பியிருந்தார்.

முருங்கன் மில் முதலாளி அனோஜன் ஒரு வாளி வெங்காயத்துக்கு முன்னால் குந்தியிருந்து உரித்தான். கண்ணிலும் மூக்கிலும் ஓடியது.

"கெதியா உரியடா தம்பி, கொத்து நிக்குது!" என்றாள் அக்கா.

"உரிக்கிறன் அக்கா. எனக்கும் ஒரு பிளேட் ஒதுக்கி வையுங்கோ, முடியப்போகுது!"

சிவம் அண்ணை பாடிக்கொண்டே கொத்தினார். வியர்வை எது, கண்ணீர் எது என்று அவருக்கே தெரியவில்லை. ஆனாலும் மனதில் ஒரு முள் கிடந்தது. பிரான்சிஸ்கா இரண்டாவது லாபிரடோசையோடு தகட்டுப் பக்கம் வந்தபோது பொறுக்கமுடியாமல் கேட்டுவிட்டார்.

"தங்கச்சி, உண்மையைச் சொல்லும். நாயிறைச்சி எண்டு நினைச்சுத்தானே இவ்வளவு நாளும் நீங்கள் ஒருத்தரும் வரேல்லை?"

பிரான்சிஸ்கா வாயில் இருந்ததை ஆறுதலாக விழுங்கி, விரலையும் சூப்பிவிட்டுச் சொன்னாள்.

"அந்தப் பகிடியை ஆரண்ணை நம்பினது? தவக்காலம் தொடங்கின அந்தப் புதன்கிழமையில இருந்து உயிர்ப்புப் பெருநாள் வரைக்கும் அவரவருக்கு ஆகலும் ஆசையான ஒண்டை ஆண்டவருக்காக விடுங்கோ எண்டு பாதர் பிரசங்கம் வைச்சவர். ஊர் முழுக்க விட்டது உங்கட கடையைத்தான்!"